பச்சை முடிச்சு

செஞ்சி காந்தி பஜாரில் ராஜாங்கம் டைலர்ஸைத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற கூட்டத்தில்கூட நாலு பேர் வழியில் இறங்கி, அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போய், அடுத்த அமாவாசைக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள். மாஸ்டர் தைத்தால் தோளில் ஒரு சுருக்கம் விழாது, கையைத் தூக்கினால் இடுப்பில் ஏறாது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த மாஸ்டர் ஜாக்கெட் துணியில் கத்தரி வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ராஜாங்கம். இரண்டாவது, பஜாருக்குப் பின்னால் இருந்த சந்தில் ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து அத்தனை ஜாக்கெட்டையும் வெட்டித் தைத்த சாஜிதா. மூன்றாவது அவள் புருஷன் ரசூல். ரசூலுக்குத் தெரிந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான். மணிலாக்கொட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிற மனுஷன். தராசு முள் நேராக நின்றால் உலகம் நேராக நிற்கிறது என்று நினைக்கிறவன்.

சாஜிதா வல்லத்தில் பிறந்தவள். எட்டாவது வரை படித்தாள். தையல் யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை, கோபத்தில் வந்தது. கல்யாணத்துக்கு அவளுக்கு யாரோ தைத்துக்கொடுத்த ஜாக்கெட் அப்படிப்பட்டது. கையைத் தூக்கினால் பிடிக்கும், இறக்கினால் தொங்கும். புதுப்பெண் என்று பார்க்க வந்தவர்களெல்லாம், பொண்ணு இன்னா இப்படிக் கூனிக்கிட்டு உக்காந்திருக்குது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கல்யாண விருந்து முடிந்த கையோடு அந்த ஜாக்கெட்டைப் பிளேடால் முழுக்கப் பிரித்துப் பாயில் பரப்பி, எங்கே தப்பு நடந்திருக்கிறது என்று பார்த்தாள். கைக்குழியில் இருந்தது தப்பு. நாத்தனார் விட்டுப்போன பழைய மிஷினில் அதைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார முடிந்தது. அன்றைக்கு வந்த சிரிப்பு அவள் முகத்தில் நெடுநேரம் இருந்ததாம்.

அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு புருஷன் சட்டையை ஆல்டர் பண்ணக் கொடுக்கப் போனவளை ராஜாங்கம் பார்த்தார். தொழில்காரர் கண், சும்மா விடுமா? யார் தைத்தது என்று கேட்டார், இவள் சொன்னாள். மறுநாளிலிருந்து மூட்டை வர ஆரம்பித்தது. அளவு எடுப்பதும் பேச்சுக் கொடுப்பதும் அவர் வேலை, வெட்டித் தைத்துக் காஜா எடுப்பது இவள் வேலை. கூலியில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை. நல்ல மனுஷர்தான். ஆனால் துணியோடு ஒரு கட்டு லேபிளும் வரும். 'ராஜாங்கம் டைலர்ஸ், செஞ்சி' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்த லேபிள். அதைக் கழுத்துப் பட்டியில் வைத்துத் தைப்பதும் இவள்தான். சந்துக்காரர்கள் அவள் உள்பாவாடையும் தலையணை உறையும் தைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் டின்னோடு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவளின் முதுகில் அவள் தைத்த கத்தரிப்பூ நிற ஜாக்கெட். அந்தத் துணி போதாமல், கைக்கு ஒட்டுப் போட்டு, ஒட்டுப் போட்டதே தெரியாமல் மறைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பக்கத்தில் நின்றவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க தச்சே இத்த?" என்று கேட்டாள்.

"வேற எங்க, ராஜாங்கம்தான். அந்தாளு கைராசி யாருக்கு வரும்?"

சாஜிதாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. அந்தத் தோளைத் தட்டி, "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பார்கள், இல்லை ராஜாங்கத்திடம் போய்ச் சொல்வார்கள். டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்த வேகத்தில், மிஷினில் பாதியில் நின்ற ஜாக்கெட்டை எடுத்து, இடது பக்கத் தையலுக்கு உள்ளே, பிரித்தால் ஒழியக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பச்சை நூலால் ஒரு முடிச்சுப் போட்டாள். ஏன் பச்சை என்றால், ஊசியில் அப்போது கோத்திருந்தது அதுதான். வேறு காரணம் இல்லை. அந்த முடிச்சைப் போட்ட பிறகுதான் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கியது. அதிலிருந்து அவள் கையை விட்டுப் போன எந்த ஜாக்கெட்டும் முடிச்சு இல்லாமல் போகவில்லை.

இதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. தொண்டூரில் தனகோட்டி என்று ஓர் அம்மாள், அப்பளம் போட்டு விற்கிறவள். அவள் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போவார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை. ஒரு தடவை ராஜாங்கம் கடை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றது. வந்தவர்கள் அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். கல்யாணம் ஆகி, பெண் கொஞ்சம் சதை பிடித்து, ஜாக்கெட்டைப் பிரித்துவிடத் தாயிடம் கொண்டுவந்தது. தனகோட்டி பக்கத் தையலைப் பிரித்தாள். உள்ளே பச்சை முடிச்சு.

தாயாருக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. மாஸ்டர் தர்காவில் மந்திரித்து வாங்கி வந்த நூல்தான் இது, இதனால்தான் பெண்ணுக்கு வரன் அமைந்தது என்று தனகோட்டி அடித்துச் சொன்னாள். அப்பளம் போகிற வீட்டுக்கெல்லாம் இந்தச் சேதியும் போயிற்று. தொண்டூர், வல்லம், மேல்மலையனூர் வரைக்கும் பெண்ணைப் பெற்றவர்கள் ஜாக்கெட் துணியோடு கிளம்பிவிட்டார்கள். சிலர் கண் திருஷ்டிக்கு என்றார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் காற்று கருப்பு அண்டாமல் இருக்க என்றார்கள். காலேஜ் போகிற பெண்கள் வெளியே சொல்லாமல் எதற்கோ கேட்டார்கள்.

ராஜாங்கம் முழித்தார். ஆனால் வியாபாரி, தலையை ஆட்டி வைத்தார். அடுத்த மூட்டையைக் கொடுக்கும்போது சொன்னார்: "ம்மா, எதுக்குப் போடறியோ எனக்குத் தெரியாது. ஆனா விட்டுடாதே. போட்டுக்கிட்டே இரு."

எதற்குப் போடுகிறாய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. சாஜிதா வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒரு மாதிரி இருந்தது. தன் பெயருக்குப் பதிலாகத்தான் அதைப் போட்டாள். இப்போது அதையும் தர்காவுக்கும் ராஜாங்கத்துக்கும் கொடுத்துவிட்டார்களே!

எண்பத்தைந்தாம் வருஷம், மணிலா அறுவடை முடிந்த சமயம், மைக் கட்டிய ஜீப் ஒன்று செஞ்சித் தெருக்களைச் சுற்றியது. சுயதொழில் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வாரம் ஊக்கப் பயிற்சி, பெண்களும் வரலாம், மதியச் சாப்பாடு உண்டு. கடைசி வார்த்தை ரசூல் காதில் நன்றாக விழுந்தது.

"போயிட்டு வா சாஜிதா. ஒரு வாரம் சமைக்கத் தேவல. எனக்கும் ஒரு பொட்டலம் கேட்டுப் பாரு."

"ஊக்கம்னா இன்னாங்க?"

"அதெல்லாம் போனாத்தான் தெரியும். நமக்கு எதுக்கு ஊக்கம்? மூட்டை தூக்கறவனுக்கு வேணும்."

அவள் போனாள். எதற்குப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டை விட்டு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யாராவது பேசுவதைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று மட்டும் தோன்றியது.

கடலூரிலிருந்து வந்த அதிகாரி இராமச்சந்திரன் மனோதத்துவம் படித்தவர். தொண்டை கட்டியிருந்தாலும் உற்சாகம் கட்டாத ஆள். முதல் நாளே கரும்பலகையில் பெரிய முக்கோணம் போட்டு, குறுக்கே கோடு கிழித்து ஐந்து படியாக்கினார். அடிப்படி பசி, தாகம், தூக்கம். அதற்கு மேலே பயமில்லாமல் இருப்பது. அதற்கு மேலே நமக்கென்று நாலு பேர், அன்பு. நாலாவது, மதிப்பு, நம்மை நாலு பேர் இன்னார் என்று அறிந்திருப்பது. உச்சியில், நமக்குள் என்ன இருக்கிறதோ அது முழுசாக வெளியே வருவது. அமெரிக்காவில் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னது இது என்றார். கீழ்ப்படி நிறைந்தால்தான் மனசு மேல்படிக்குப் போகும் என்றும் சொன்னார்.

பயிற்சி நடந்த கூடத்து ஜன்னலுக்கு வெளியே, உச்சியில் கோட்டையோடு ராஜகிரி மலை தெரிந்தது. டிராக்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டிருந்த பெரியதம்பி எழுந்தான். "சார், நாங்க அந்த மலை உச்சிக்குப் போனா முதல்ல பசிதான் எடுக்கும். திரும்ப முதல் படிக்கே வந்துடணுமா?"

கூடம் சிரித்தது. இராமச்சந்திரனும் சிரித்தார். "நல்ல கேள்வி. இந்தச் சண்டை மனோதத்துவம் படிச்ச எங்க ஆளுங்களுக்குள்ளேயே இருக்கு" என்று சொல்லிவிட்டு, சிலர் பசியோடேயே உச்சிக்கு ஏறுவார்கள், சிலர் வயிறு நிறைந்தும் அடியிலேயே படுத்துக்கொள்வார்கள், அது ஏன் என்று யோசியுங்கள் என்றார். சாஜிதாவுக்கு ரசூலின் ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னா சிரிக்கறே, எனக்கும் சொல்லு" என்று இடித்தாள். அவள்தான் தொண்டூர் தனகோட்டி. அப்பளத்தைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று வந்திருந்தாள். முடிச்சுக் கதையைக் கிளப்பிவிட்டவள் இவள்தான் என்று பேரிலிருந்து தெரிந்ததும் சாஜிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தானையை எடுக்காமலே கரும்பலகையைப் பார்த்தாள்.

இன்னொரு நாள் ஒரு கட்டையை நட்டு, கையில் வளையங்களைக் கொடுத்து, எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் நின்று போடலாம் என்றார் அதிகாரி. நம் ஆட்கள் மேல்மலையனூர் திருவிழாவில் இதைப் போட்டுப் போட்டுக் கை சலித்தவர்கள். முதல் வளையம் கட்டையில் விழுந்ததும் தனகோட்டி கையை நீட்டினாள். "சோப்பு எங்க சார்?"

"சோப்பா?"

"வளையம் விழுந்தா சோப்பு தருவாங்களே! இல்லாட்டி பிஸ்கோத்து."

சோப்பு கிடையாது என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு ஆட்டமே சப்பென்று ஆகிவிட்டது. இராமச்சந்திரன் விடவில்லை. சும்மா கிடைக்கிற சோப்புக்காகப் போடுவது ஒன்று, விழுகிற சந்தோஷத்துக்காகப் போடுவது ஒன்று, இரண்டும் வேறு ஊக்கம் என்றார். பெரியதம்பி வாசற்படியில் நின்று வீசினான், ஒன்றும் விழவில்லை. விழாததற்கு அவன் கவலைப்படவும் இல்லை. சாஜிதா கட்டைக்குப் பக்கத்திலேயே போய் நின்று, குனிந்து வளையலை மாட்டுவதுபோல மாட்டிவிட்டு வந்தாள்.

"ஏம்மா, இவ்வளவு கிட்ட நின்னா விழாம என்ன பண்ணும்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. விழலாம், விழாமலும் போகலாம்னு இருக்கணும்" என்றார் அவர்.

அவள் பின்னால் நகர்ந்தாள். போட்டாள், தவறியது. மறுபடியும் தவறியது. பிறகு விழுந்தது. படபடப்பும் சந்தோஷமுமாக ஒன்று நெஞ்சுக்குள் எழுந்ததைப் பார்த்து அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. கழுத்துப்பட்டியில் அடுத்தவன் லேபிளைத் தைக்கும்போது இப்படி ஒருநாளும் படபடத்ததில்லை.

ஆனால் அவளைப் பிடித்துக்கொண்டது மறுநாள் காட்டிய படம்தான். மங்கலான படம். ஒரு வாலிபன் குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறான், பின்னால் ஒரு மலை. இவன் யார், என்ன நினைக்கிறான், அப்புறம் என்ன ஆகும் என்று கதையாகச் சொல்ல வேண்டும். சொல்கிற கதையை வைத்து, சொல்கிறவர் மனசு எதைத் தேடுகிறது என்று கண்டுபிடித்துவிடலாமாம். இராமச்சந்திரன் வேறு ஊர்களில் காட்டியபோது, குதிரைப் பண்ணை வைக்கப் போகிறான், பட்டணம் போய்ப் படிக்கப் போகிறான் என்று விதவிதமாகச் சொன்னார்களாம். செஞ்சியில் மலையையும் குதிரையையும் சேர்த்துக் காட்டினால் வேறு கதை வருமா? முதல் ஆள் எழுந்து, இது எங்க கோட்டை ராஜா, சண்டைக்குப் போறாரு, செத்துடுவாரு என்றான். இரண்டாவது ஆளும் அதையே சொன்னான். மூன்றாவதாக எழுந்த தனகோட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே அதையே சொன்னாள்.

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க எல்லாரும் அவனைச் சாகடிக்கிறீங்க? ஒருத்தராவது பொழைக்க வைக்கக் கூடாதா?"

"நாங்க எங்க சார் சாகடிச்சோம்?" என்றான் பெரியதம்பி. "அவரு ஏற்கெனவே செத்துட்டாரு."

சிரிப்பு அடங்கியபோது சாஜிதாவின் முறை வந்தது. அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு போட்டிருக்கிற அங்கி நல்லா உக்காந்திருக்குது சார்" என்றாள். "குதிரை மேல ஏறிக் கையைத் தூக்கினாலும் கைக்குழி பிடிக்காது. அத்த யாரோ தச்சிருக்காங்க. ராஜா பேரு ஊருக்குத் தெரியும். குதிரைக்குக்கூட பேரு இருக்குது. தச்சவங்க பேரு மட்டும் ஒருத்தருக்கும் தெரியல. அவங்க கூட்டத்துல நின்னு பார்க்கறாங்க. அது நான் தச்சதுன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது. சொல்ல முடியல."

"அப்புறம்?" என்றார் இராமச்சந்திரன், மெதுவாக.

"அப்புறம் தெரியல சார்."

"கடைசி நாள் எல்லாரும் எழுந்து பேரைச் சொல்லி, என்ன செய்யப் போறோம்னு சொல்லணும். அந்த அப்புறத்தை அன்னிக்குச் சொல்லுங்கம்மா. அவசரம் இல்லை."

சாயந்திரம் ரசூலிடம் ஐந்து படியையும் விளக்கினாள். அவன் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டான். "எனக்கு அந்த முதல் படியே நல்லாத்தான் இருக்குது. காத்தோட்டமா."

"ஏங்க, சந்து முனையில என் பேருல ஒரு போர்டு வெச்சா இன்னாங்க?"

ரசூல் கையை நிறுத்தினான். "வெச்சா யாரு பார்ப்பா? நாளைக்கே மாஸ்டர் மூட்டை அனுப்பறதை நிறுத்திட்டா? ஊர்ல ராஜாங்கம் ஜாக்கெட்டுக்குத்தான் பேரு, சாஜிதா ஜாக்கெட்டுன்னா யாருக்குத் தெரியும்? இருக்கறதை வெச்சுக்கிட்டு நிம்மதியா இரு."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் அவளுக்கு அத்தனை கோபம் வந்தது. தட்டை எடுத்துக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

கடைசி நாள். ஊரிலேயே தொழிலில் ஜெயித்த ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வைப்பது வழக்கமாம். சால்வை போட்டு நடுநாற்காலியில் உட்கார வைத்த ஆளைப் பார்த்ததும் சாஜிதா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ராஜாங்கம் டைலர்ஸ் ராஜாங்கம், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். அவரும் இவளைப் பார்த்துவிட்டார். சட்டைக் காலரை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

மைக்கைப் பிடித்ததும் அவருக்குப் பயம் தெளிந்துவிட்டது. சின்ன வயதில் காஜா எடுத்தது, ஒரு மிஷினில் ஆரம்பித்தது எல்லாம் சொன்னார். ஜாக்கெட் என்று வந்ததும் முதல் வரிசையிலிருந்து தனகோட்டி எழுந்தேவிட்டாள். "அந்தப் பச்ச முடிச்சப் பத்திச் சொல்லுங்க மாஸ்டர்! எந்தத் தர்காவுல வாங்கறீங்க? என் பொண்ணுக்கு வாழ்வு குடுத்தது அதான்!"

பெண்கள் பக்கம் சலசலத்தது. என் தங்கச்சிக்கும், என் நாத்தனாருக்கும் என்று நாலைந்து குரல்கள். ராஜாங்கம் சிரித்து மழுப்பினார். "அது வந்து... தொழில் ரகசியம். எல்லாம் ஒரு கைராசிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது அவர் சாஜிதா பக்கம் பார்க்கவே இல்லை.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெரியதம்பி, வல்லம் ரோட்டில் ஒர்க்‌ஷாப். தனகோட்டி, அப்பளம். அடுத்தது சாஜிதா.

எழுந்தாள். பெயரைச் சொல்லிவிட்டு, உள்பாவாடை தைக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். கட்டைக்குப் பக்கத்தில் நின்று வளையத்தை மாட்டிவிட்டு வருகிற மாதிரி. மூட்டை வரும், கூலி வரும், ரசூல் மீன் குழம்பு சாப்பிடுவான். பிறகு அவளுக்கே தெரியாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றாள். நாற்காலி இடித்தது.

"என் பேரு சாஜிதா. ராஜாங்கம் கடை ஜாக்கெட்டெல்லாம் தைக்கிறது நான்தான்."

ராஜாங்கத்தின் கை மறுபடியும் காலருக்குப் போயிற்று.

"அந்தப் பச்ச முடிச்சு தர்கா நூல் இல்ல. என் வீட்டு நூல்கண்டு. மந்திரிச்சது இல்ல. என் பேரை எங்கயும் எழுத முடியாது, அதனால போட்டேன். அது நான் தச்சதுன்னு எனக்குத் தெரியறதுக்கு. அவ்ளோதான். இனிமே சந்து முனையில என் பேர்ல போர்டு வெக்கப் போறேன்."

தனகோட்டி திரும்பி அவளைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என் பொண்ணு கல்யாணம்? மந்திரிச்ச நூல் இல்லன்னா அது எப்படி அமைஞ்சுது?"

சாஜிதாவுக்கு அந்த ஜாக்கெட் ஞாபகம் இருந்தது. அரக்குக் கலர், தொண்டூர் தனகோட்டி என்று சீட்டுக் குத்தி வந்தது. "யக்கா, உன் பொண்ணுக்கு வலது தோள் கொஞ்சம் எறக்கம். அளவு ஜாக்கெட்டைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது. பழைய ஜாக்கெட்டு தோள்ல வழிஞ்சிக்கிட்டே இருந்திருக்கும், அத்த இழுத்து விட்டுக்கிட்டே பொண்ணு கூனி நின்னிருக்கும். என் கல்யாணத்துல நானும் அப்படித்தான் நின்னேன். அந்தத் தோளுக்கு ஏத்த மாதிரி வெட்டினேன். அது நிமிர்ந்து நின்னிருக்குது. நிமிர்ந்து நின்னா உன் பொண்ணு அழகு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. முடிச்சு ஒண்ணும் பண்ணல."

பெண்பார்க்க வந்தபோதெல்லாம் தோளை இழுத்து இழுத்துவிட்ட மகள் தனகோட்டியின் கண்முன் வந்திருக்க வேண்டும். எழுந்து வந்து சாஜிதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, ஒரு வாரமா பக்கத்துல உக்காந்து சோறு தின்னியே, ஒரு வார்த்தை சொன்னியா? அப்ப ராசி நூல்ல இல்லே, இந்தக் கையில இருக்குது!"

அவ்வளவுதான், கூடம் கலகலத்துப் போயிற்று. பெண்கள் இடது பக்கத் தையலைத் தடவித் தடவி, எனக்கு இருக்குது, எனக்கும் இருக்குது என்று கத்தினார்கள். ஆண்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்கள். இராமச்சந்திரன் கரும்பலகைக்கு ஓடி, முக்கோணத்தைச் சாக்கட்டியால் தட்டினார். "பாருங்க, ஒரே ஒரு முடிச்சு! பிள்ளைத்தாய்ச்சிக்கு அது ரெண்டாவது படி, பயம் போச்சு. கல்யாணப் பொண்ணுக்கு மூணாவது படி. தச்சவங்களுக்கு நாலாவது! இந்தப் பாடத்தை எனக்கு யாருமே இப்படி நடத்தலையே!" அந்தச் சத்தத்தில் அதை யாரும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராஜாங்கம் எழுந்தார். எல்லோரும் அடங்கினார்கள். அவர் சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டார்.

"அது சொன்னது நெஜம்தான்" என்றார். "யாரும் கேக்கல, நானும் சொல்லல. சொல்லியிருக்கணும். ஏம்மா, அந்த முடிச்சு எதுக்கு நீ போடறேன்னு ஒரு தரம் நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன் மாஸ்டர்."

அவர் தலையாட்டினார். பிறகு சிரித்தார். "எனக்கு இந்த ஜாக்கெட் தொல்லையே வேணாம்மா. தச்சுக் குடுத்தாலும் ஒருத்தி இறுக்கம்பா, ஒருத்தி தொளதொளம்பா. மாமியார் கோபத்தையெல்லாம் எங்கிட்டதான் காட்டுவாங்க. இனிமே சட்டை, பேண்ட்டோட நான் நிறுத்திக்கறேன். ஜாக்கெட்டும் நீயே வெச்சுக்கோ, அந்தத் திட்டையும் நீயே வாங்கிக்கோ. என் கடையில பழைய பலகை ஒண்ணு சும்மா கிடக்குது. போர்டுக்கு எடுத்துக்கோ."

பலகை வந்தது, பெயிண்டர் வந்தான். 'சாஜிதா. ஜாக்கெட் இங்கே தைக்கப்படும்' என்று பச்சை எழுத்தில் எழுதி, ரசூலே ஏணி போட்டுச் சந்து முனையில் மாட்டினான். மாட்டிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தான். தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தான். நேராக இருந்தது.

பெயர் எழுதின பிறகு முடிச்சு எதற்கு என்று சாஜிதா நிறுத்தப் பார்த்தாள். விட்டார்களா? துணியைக் கொடுக்கும்போதே, "முடிச்சுப் போடுவியில்ல?" என்று கேட்டுக்கொண்டுதான் கொடுத்தார்கள். மந்திரிச்சது இல்லம்மா என்று சொன்னால், பரவாயில்ல, போடு என்றார்கள். தனகோட்டி ஊர் ஊராகச் சொன்ன கதையில் தர்கா போய், சாஜிதாவின் கை வந்துவிட்டது. மற்றபடி கதை அதேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பிய ரசூல், சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருந்தான். இடது பக்கத் தையல், வலது பக்கத் தையல், கைக்குழி.

"இன்னாங்க தேடறீங்க?"

"ஊர்ல இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் போட்டிருக்கறே. இத்தனை வருஷமா என் சட்டையெல்லாம் நீதான் தைக்கிறே. எனக்கு மட்டும் ஏன் போடலே?"

சாஜிதாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. "உங்களுக்குத்தான் தெரியுமே, யாரு தச்சதுன்னு. தெரியாதவங்களுக்குத்தானே முடிச்சு."

ரசூல் சட்டையை நேராகத் திருப்பி அவளிடம் நீட்டினான். போர்டு வேண்டாம் என்று சொன்னது நெஞ்சில் உறுத்தியிருக்கும்போல.

"எனக்குத் தெரியும்" என்றான். "மண்டியில இருக்கறவனுங்களுக்குத் தெரியாதில்ல. போடு. உள்ள வேணாம். வெளியவே போடு, காலர்ல."

அவள் ஊசியில் பச்சை நூலைக் கோத்தாள். வெள்ளைக் காலரின் நுனியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, கொஞ்சம் பெரிதாகவே ஒரு முடிச்சுப் போட்டாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு போனான். அன்று மாலை மண்டியில் மூட்டை இறக்க வந்த ஒவ்வொருவனிடமும் எடை சொல்வதற்கு முன்னால் காலரைக் காட்டினானாம்.